ஒரே கட்டத்தில் இரண்டு தெரு

உமெயோ நகரில் டிசம்பர்.
பிற்பகல் இரண்டு மணிக்கே
பல்கலைக்கழகத்து பிர்ச் மரங்களுக்குப் பின்னால்
விளக்கை அணைத்துவிட்டுப் போகிறது சூரியன்.
அதைவிட இருட்டான அறைக்குள் நான் போகிறேன்.

புதன்கிழமை
புகையிலைச் செடியின் இலையடியில்
ஊசி கழற்றிய சிரிஞ்சை அழுத்தி
பாக்டீரியா கலந்த நீரைச் செலுத்தினேன்.
இலை ஈரத்தில் கறுத்தது, பிறகு மறந்துவிட்டது.
இன்று கண்ணாடிச் சில்லில் அதன் ஒரு துணுக்கு.

லேசர் பட்டதும்
பசுங்கணிகங்கள் தாமாகவே சிவப்பு,
யாரும் சாயம் பூச வேண்டியதில்லை.
மைட்டோகாண்ட்ரியாக்கள் நான் ஊட்டிய சாயத்தில் ஆரஞ்சு,
ஓரிடத்தில் நில்லாத கடுகுகள்.
நான் அனுப்பிய புரதத்தின் வாலில்
பச்சை விளக்கு கட்டியிருக்கிறேன்.
அது எங்கே போய்ச் சேர்ந்தது?
ஆறு வருடமாக இதே கேள்வி.

புரதம் பிறப்பது வெளியே, செல்லின் குழம்பில்.
பிறக்கும்போதே தலையில் ஒரு துண்டு முகவரி.
ஆர்ஜினின் தூக்கலாக,
ஒரு பக்கம் எண்ணெய்ப் பசையோடு சுருண்டால்
மைட்டோகாண்ட்ரியா.
செரைன் மலிந்து, சுருளாமல் தளர்ந்து கிடந்தால்
பசுங்கணிகம்.
வாசல் குறுகல்.
மடிப்பெல்லாம் பிரிந்து
நூலாக நீண்டால்தான் நுழைய முடியும்.
உள்ளே ஒரு கத்தரி காத்திருந்து
முகவரியை நறுக்கிவிடும்.
வந்து சேர்ந்தவனுக்கு முகவரி எதற்கு?

என் புரதத்தின் முகவரியோ இரண்டும் கலந்தது.
ஒரே துண்டுக்கு இரண்டு வாசலும் திறக்கும்.
தெளிவற்ற சமிக்ஞை என்று
கட்டுரையில் நானே எழுதியிருக்கிறேன்.
யோர்டிஸ் இன்னும் நேராகச் சொல்வாள்:
ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்.

அதனால் ஓர் எழுத்தை மாற்றினேன்.
பன்னிரண்டாம் இடத்து ஆர்ஜினினை எடுத்துவிட்டு அலனைன்.
இதோ திரையில்
பச்சை முழுவதும் சிவப்பின் மேல்.
கடுகுகளில் ஒன்றில்கூட இல்லை.
முகவரி தெளிந்துவிட்டது.
யோர்டிஸ் கதவைத் திறக்காமலே கைதட்டினாள்.

கோட்டுப் பையில் தூவெயின் பள்ளிப் படிவம்.
பத்து வயது.
ஒரு வாரம் மரியெஹெமில் என்னோடு,
ஒரு வாரம் ஆற்றுக்கு அக்கரையில், ரூபெக்கில், ரூனாரோடு.
முகவரிக்கென்று ஒரே ஒரு கட்டம்.
அதற்குள் எறும்பு எழுத்தில்
இரண்டு தெருவையும் நுழைத்திருக்கிறான்;
கடைசி அஞ்சல் எண் கோட்டைத் தாண்டிவிட்டது.
ஆசிரியை சிவப்பு மையில் சுழித்து
'ஒன்று மட்டும்' என்று எழுதியிருந்தார்.

அரசாங்கப் பதிவேட்டிலும் ஒன்றுதான்.
அது என்னுடையது.
அதற்காக ஒரு குளிர்காலம் முழுக்க
ரூனாரோடு கடிதத்தில் மட்டும் பேசினேன்.
வென்றேன்.

படத்தைச் சேமிக்கப் போனால்
கோப்புக்குப் பெயர் கேட்கிறது கணினி.
வெகுநேரம் எதுவும் தட்டவில்லை.

நறுக்கிய முகவரிகள் உள்ளே குவிந்தால் நஞ்சு.
தின்று தீர்ப்பதற்கென்றே ஒரு நொதி உண்டு.
அதற்கும் இரண்டு வீடு,
அங்கேயும் தின்கிறது, இங்கேயும் தின்கிறது.
அதைப் பற்றி எழுதும்போது
தெளிவற்ற என்ற சொல்
எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

மாலை ஐந்தரை. வெள்ளி, வீடு மாறும் நாள்.
முதுகைவிடப் பெரிய பையோடு
பேருந்திலிருந்து இறங்கி வருகிறான்.
கதவோரக் குறுகலில் நின்று
காலணி, தொப்பி, ஊதிய பனிக் கால்சட்டை,
கையுறை (ஒன்றுதான்; மற்றது ரூபெக்கில்)
ஒவ்வொன்றாக உரித்து
மெலிந்து, நீண்டு, உள்ளே வருகிறான்.
சோபாவில் தனக்குத் தெரிந்த விதத்தில் மடங்குகிறான்.
பசிக்கிறது என்கிறான்.

உருளைக்கிழங்கு வேகும் நேரத்தில்
படிவத்தை மேசையில் விரித்தேன்.
அடிஸ்கேல் வைத்து
கட்டத்தை வலப்பக்கம்
இரண்டு சென்டிமீட்டர் நீட்டி வரைந்தேன்.
அஞ்சல் எண் உள்ளே வந்துவிட்டது.